லீவு கணக்கும் மலைக் கணக்கும்

நெய்வேலி நகரியத்தில் விடியற்காலையில் நடக்கிறவர்களுக்கு அந்தச் சாலைகள் அத்துப்படி. கோடு போட்டதுபோல நேராகப் போகும், இருபுறமும் மரம் நிற்கும், மேடு என்று சொல்ல ஒன்றும் கிடையாது. ஊரே கடல் மட்டத்திலிருந்து நூறு மீட்டர் உயரத்தை எட்டாது. ஏற்ற இறக்கம் பார்க்க வேண்டுமானால் பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்துக்குள் எட்டிப் பார்க்க வேண்டும். இப்படிப்பட்ட ஊரிலிருந்தும் இமயமலைக்குக் கிளம்புகிறவர்கள் இருக்கிறார்கள். ஒருவருக்குக் கயிலாய யாத்திரை, இன்னொருவருக்கு லடாக், பிள்ளைகளுக்குக் கேதார்கண்டா, துணிந்தவர்களுக்கு எவரெஸ்ட் அடிவார முகாம்.

கிளம்புகிறவர்கள் முதலில் கேட்பது எந்த ஷூ வாங்கலாம் என்று. அதற்கும் பதில் உண்டு, கடைசியில் வரும். அதற்கு முன் பேச வேண்டியது லீவு.

நெய்வேலியிலிருந்து போகிறவரின் பயணத் திட்டம் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். கையில் பத்து நாள் லீவு. சென்னைக்குப் போய் ரயில் ஏறினால் டெல்லி ஒன்றரை நாள். திரும்பி வர அதே ஒன்றரை நாள். மிச்சம் ஏழு. அந்த ஏழில் எதையும் விடக்கூடாது என்று டெல்லியிலிருந்து லடாக்கின் லேவுக்கு விமானம். இருநூறு மீட்டர் சொச்ச உயரத்தில் ஏறியவர் ஒன்றரை மணி நேரத்துக்குள் மூவாயிரத்து ஐநூறு மீட்டர் உயரத்து ஊரில் நிற்பார். மறுநாளே நடை தொடக்கம். தாளில் பார்த்தால் இந்தத் திட்டத்தில் குறையே தெரியாது. ஆபத்து அந்த 'மறுநாளே'யில் இருக்கிறது.

நெய்வேலிக்காரர்களுக்கு அழுத்தம் என்றால் என்ன என்று யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. பழுப்பு நிலக்கரிப் படுகைக்கு அடியில் இருக்கும் நீர் மேல்நோக்கி முட்டிக்கொண்டே இருக்கிறது. இரவு பகலாக பம்புகள் அதை இறைத்து அழுத்தத்தைத் தணிப்பதால்தான் சுரங்கத்தின் தரை பெயராமல் நிற்கிறது. மூச்சுக்காற்றின் கதையும் அழுத்தத்தின் கதைதான். மலையில் ஆக்சிஜன் குறைவு என்று பேச்சுக்குச் சொல்கிறோம். காற்றில் அதன் பங்கு நெய்வேலியிலும் 21 சதவீதம், எவரெஸ்ட் உச்சியிலும் 21 சதவீதம். குறைவது, அந்த ஆக்சிஜனை நுரையீரலிலிருந்து ரத்தத்துக்குள் தள்ளிவிடும் அழுத்தம். லே உயரத்தில் அது கடல் மட்டத்தில் உள்ளதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு. 5,500 மீட்டரில் பாதி.

உடம்பு இதற்குக் கைகட்டி நிற்பதில்லை. அது செய்யும் வேலையை எத்தனை முறை சொன்னாலும் அலுக்காது, நேயர்களே, கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். மேலே போன சில நிமிடத்திலேயே மூச்சு வேகமாகிறது. வேகமாக மூச்சு விட்டால் கரியமில வாயு அதிகமாக வெளியேறும், ரத்தம் காரத்தன்மை பக்கம் சாயும். உடனே மூளை, போதும், மூச்சைக் குறை என்கிறது. ஒரு பக்கம் ஆக்சிஜன் போதவில்லை, மறுபக்கம் மூச்சுக்குத் தடை. முதல் இரவில் கூடாரத்தில் பக்கத்தில் படுத்திருப்பவரைக் கவனித்தால் இந்த இழுபறி தெரியும். ஆழமாக நாலைந்து மூச்சு, பிறகு பத்து விநாடி சத்தமே இருக்காது, பார்க்கிறவருக்கு வயிற்றைக் கலக்கும், அதற்குள் ஒரு பெருமூச்சோடு மறுபடி தொடங்கும். மேலே இது சகஜம்.

இந்த இழுபறியைத் தீர்த்து வைப்பது சிறுநீரகம். ரத்தத்தில் கூடிப்போன காரத்தை அது சிறுநீரில் கழித்துவிடுகிறது. முதல் இரண்டு மூன்று நாள் அடிக்கடி சிறுநீர் போவதற்கு இதுவும் ஒரு காரணம். குளிரில் எழுந்து போக அலுத்துக்கொண்டு தண்ணீர் குடிப்பதைக் குறைக்கிறவர்கள் தங்களுக்கே கெடுதல் செய்துகொள்கிறார்கள். காரம் கழியக் கழிய மூளை தடையை விலக்கும், மூச்சு தாராளமாகும், தலைவலி விடும். புதிய ரத்த அணுக்கள் போதிய அளவில் சேர வாரக்கணக்கில் ஆகும். ஒரு வாரத்துக்கு மலைக்குப் போகிறவர் அதை நம்ப முடியாது. பீட்ரூட் சாறு குடித்து ரத்தத்தை ஏற்றிக்கொண்டு போகலாமா என்று கேட்பவர்கள் உண்டு. ரத்தசோகை இருந்தால் மாதங்களுக்கு முன்பே சரிசெய்துகொள்வது அவசியம். ஆனால் சிறுநீரகம் செய்ய வேண்டிய வேலையைச் சாறு செய்யாது. அதற்கு நாள்தான் வேண்டும்.

இந்தப் பாடத்தை நம் நாடு கசப்பாகக் கற்றது. 1962-ல் சீனாவோடு போர் மூண்டபோது சமவெளியில் இருந்த படைகள் அவசர அவசரமாக மலைக்கு அனுப்பப்பட்டன. திடகாத்திரமான இளம் வீரர்கள் போன சில நாளில் மூச்சுத் திணறி, நுரை கலந்த சளி கக்கி விழுந்தார்கள். நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும் இந்த நிலையை அதற்கு இரண்டே ஆண்டு முன்னால்தான், 1960-ல், அமெரிக்க மருத்துவரும் மலையேறியுமான சார்ல்ஸ் ஹூஸ்டன் எழுதி உலக மருத்துவர்களின் கவனத்துக்குக் கொண்டுவந்திருந்தார். பிறகு ராணுவ மருத்துவர் இந்தர் சிங்கும் அவரோடு சேர்ந்தவர்களும் 11,000 முதல் 18,000 அடி வரையிலான உயரங்களில் நோயுற்ற 1,925 இந்திய வீரர்களை ஆராய்ந்து 1969-ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் எழுதினார்கள். உலகம் முழுவதும் உயர்மலை மருத்துவம் படிக்கிறவர்கள் இன்றும் அந்தக் கட்டுரைக்குத் திரும்பிப் போகிறார்கள்.

அந்த அனுபவத்தின்மேல் எழுந்ததுதான் இந்திய ராணுவத்தின் முறை. பேனா இருந்தால் குறித்துக்கொள்ளுங்கள். 9,000 முதல் 12,000 அடிக்குள் ஆறு நாள், அதில் முதல் இரண்டு நாளும் ஓய்வு. 12,000 முதல் 15,000 அடிக்குள் இன்னும் நான்கு நாள். அதற்கு மேலே போக மறுபடி நான்கு நாள். பயிற்சி பெற்ற ராணுவ வீரனுக்கே பதினான்கு நாள் கொடுக்கிறார்கள், நேயர்களே. மேசையில் உட்கார்ந்து வேலை பார்க்கிற நமக்கு ஒரு நாள் போதும் என்று எந்தக் கணக்கில் போடுகிறோம்?

மலையேறுகிறவர்கள் கடைப்பிடிக்கும் விதி கொஞ்சம் எளிது. மூவாயிரம் மீட்டருக்கு மேலே போனபின், இன்று தூங்கும் இடம் நேற்று தூங்கிய இடத்தைவிட ஐநூறு மீட்டருக்கு மேல் உயரக் கூடாது. மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை அதே இடத்தில் இன்னொரு இரவு. பகலில் மேலே ஏறிவிட்டுக் கீழே வந்து தூங்கலாம், அது நல்லதும்கூட. எவரெஸ்ட் அடிவார முகாமுக்குப் போகிறவர்கள் 3,440 மீட்டரில் இருக்கும் நாம்சே பஜாரிலும், 4,410 மீட்டரில் இருக்கும் டிங்போச்சேயிலும் இரண்டிரண்டு இரவு தங்குவது இதற்காகத்தான். சும்மா உட்கார்ந்திருக்கும் நாள் என்று திட்டத்திலிருந்து முதலில் வெட்டப்படுவதும் இந்த நாட்கள்தான்.

ஊரிலேயே பழகிக்கொண்டு போக வழி உண்டா என்றால், இல்லை. தமிழ்நாட்டின் மிக உயரமான சிகரம் தொட்டபெட்டா, 2,637 மீட்டர். அதன் உச்சியே லே நகரத்தைவிட ஏறக்குறைய 900 மீட்டர் கீழே. கால்களை இங்கே தயார் செய்யலாம், மூச்சை அங்கே போய்த்தான் பழக்க வேண்டும். இன்னொன்று, ஓட்டத்தில் தேறியவருக்கு மலைநோய் வராது என்பதும் கிடையாது. நன்றாக நடக்கிற இளைஞர்கள்தான் எல்லோரையும் முந்திக்கொண்டு ஏறி, மாலையில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்காருகிறார்கள்.

கால்களுக்கு நெய்வேலி போதுமா? பாதி போதும். நான்கு மாதம் முன்பே தொடங்கி, வாரத்தில் ஐந்து நாள் ஒரு மணி நேரம் வேக நடை. ஷிஃப்டில் இருப்பவர்கள் இரவுப் பணி முடித்த கையோடு நடக்க வேண்டாம், தூங்கி எழுந்து நடக்கட்டும். சமதளத்தில் கிடைக்காதது ஏற்றமும் இறக்கமும். மாடிப்படி எங்கே கிடைத்தாலும் ஏறி இறங்குங்கள், முதுகுப் பையில் தண்ணீர் பாட்டில்களை நிரப்பிக்கொள்ளுங்கள், லிட்டருக்கு ஒரு கிலோ. ஞாயிறுகளில் செஞ்சி ராஜகிரிக் கோட்டை, அதன்பின் கல்வராயன் மலை, ஏற்காடு. ஏறும்போது நெஞ்சு பேசும், இறங்கும்போது முட்டி பேசும். முட்டியைப் பழக்க இறங்கித்தான் ஆக வேண்டும்.

மருத்துவப் பரிசோதனையைக் கடமைக்குச் செய்யாதீர்கள். சுரங்கத் தொழிலாளர்களுக்கு விதிப்படி நடக்கும் மெடிக்கல் வேறு, இது வேறு. 2020 முதல் நின்றிருந்து 2025-ல் மறுபடி தொடங்கிய கயிலாய மானசரோவர் யாத்திரையைப் பாருங்கள். வெளியுறவு அமைச்சகம் நடத்தும் அந்த யாத்திரைக்கு 18 முதல் 70 வயது வரை என்று வரம்பு, உடல் நிறை எண் 25-க்கு மேல் போகக் கூடாது. டெல்லியில் சோதனை முடித்து, லிபுலேக் வழியில் போகிறவர்களுக்குக் குஞ்சி முகாமில் மறுபடி சோதனை. ரத்த அழுத்தம் ஏறியிருந்தால் அங்கிருந்தே திருப்பி அனுப்பிவிடுவார்கள். அழுது பயனில்லை, அவர்கள் உயிரைக் காப்பாற்றுகிறார்கள். டயமாக்ஸ் என்று கடைகளில் கிடைக்கும் அசிட்டசோலமைடு மாத்திரை, சிறுநீரகம் காரத்தைக் கழிக்கும் அந்த வேலையைத்தான் விரைவுபடுத்துகிறது. ஆனால் சல்ஃபா மருந்து ஒவ்வாதவர்கள் உண்டு. மருத்துவரைக் கேட்காமல் வாங்கிப் போட வேண்டாம்.

மேலே போனபின் தலைவலி, குமட்டல், சோறு பிடிக்காமை, தூக்கமின்மை வந்தால் மறைக்காமல் சொல்லுங்கள், அன்று மேலே ஏறாதீர்கள். உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, குதிகாலும் கட்டைவிரலும் தொட அடிமேல் அடி வைத்து நேர்கோட்டில் நடக்கத் தள்ளாடினாலோ, இரவானாலும் கீழே இறங்க ஏற்பாடு செய்ய வேண்டும். கொரோனா காலத்தில் வாங்கிய ஆக்சிமீட்டர் வீட்டில் இருக்கும், எடுத்துப் போகலாம். அதன் எண்ணைவிட ஆளின் நிலையைப் பாருங்கள்.

வானிலைக்கும் உபரி நாள் வேண்டும். 2024 ஜூன் தொடக்கத்தில் உத்தராகண்டின் சஹஸ்திர தால் பாதையில் கர்நாடகத்திலிருந்து போன குழு பனிப்புயலில் மாட்டியது. வழிகாட்டிகளோடு 22 பேர், ஒன்பது பேர் உயிரிழந்தார்கள். அது கோடைக்காலம் என்பதை நினைவில் வையுங்கள். நாளைக் காலை ரயிலைப் பிடிக்க வேண்டும் என்ற நெருக்கடி இல்லாதவர்தான் வானம் கறுத்தால் முகாமிலேயே தங்குவார்.

நேரம் நெருங்குகிறது, ஷூவுக்கு வருவோம். கணுக்கால் மூடியது, அரை அளவு பெரியது. ஒரு மாதமாவது நெய்வேலித் தெருவில் தேய்த்துவிட்டுப் போங்கள். பருத்தி உள்ளாடை வியர்வையில் நனைந்தால் காயாது, கம்பளியோ செயற்கை இழையோ நல்லது. ஆயிரம் மீட்டருக்கு ஆறரை டிகிரி வீதம் குளிர் கூடும். லே உயரத்தில் தண்ணீர் 88 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடும், குக்கர் இல்லாமல் அரிசி எளிதில் வேகாது. கடலை மிட்டாயும் பருப்புப்பொடியும் பையில் இருக்கட்டும். காப்பீடு எடுத்தால் எத்தனை மீட்டர் உயரம் வரை செல்லும் என்ற வரியைத் தேடிப் படியுங்கள்.

2023 மே 23 அன்று விருதுநகர் மாவட்டத்தைச் சேர்ந்த முத்தமிழ்ச்செல்வி எவரெஸ்ட் உச்சியில் நின்றார், தமிழ்நாட்டிலிருந்து அங்கே ஏறிய முதல் பெண். எவரெஸ்ட் ஏறுகிறவர்கள் ஏறக்குறைய இரண்டு மாதம் அந்த மலையிலேயே கிடக்கிறார்கள், அதில் பெரும்பகுதி உடம்பைப் பழக்குவதற்கே போகிறது. நமக்கு அத்தனை வேண்டாம். செப்டம்பர், அக்டோபர் பருவத்துக்கு லீவு விண்ணப்பம் எழுதும்போது இரண்டு மூன்று நாள் கூட்டி எழுதுங்கள். லீவு கூட்ட முடியாதென்றால் உயரம் குறைந்த பாதையைத் தேர்ந்தெடுங்கள். இந்த ஆண்டு நகரியத்திலிருந்து போகும் குழுக்கள் எல்லாம் சுகமாகத் திரும்பி, அடுத்துப் போகிறவர்களுக்கு வழி சொல்லித் தர வேண்டும்.