எத்தனையாவது ‘நாளை’?

“நாளையிலிருந்து சிகரெட்டைத் தொடமாட்டேன்” என்றார் ஒருவர். எத்தனையாவது நாளை என்று அவர் மனைவிக்குத்தான் கணக்குத் தெரியும்!

குற்றம் மனசில் மட்டும் இல்லை, மூளையிலும் இருக்கிறது.

1954-இல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் ஓல்ட்ஸ், மில்னர் என்ற இரு ஆய்வாளர்கள் எலியின் மூளைக்குள் மெல்லிய கம்பியைப் பொருத்தினார்கள். எலி ஒரு நெம்புகோலை அழுத்தினால் அந்தக் கம்பியில் லேசாக மின்சாரம் பாயும். எலி விடாமல் அழுத்திக்கொண்டே இருந்தது! மின்சாரம் தூண்டியது மூளையின் இன்ப வழியை; போதையும் அதைத்தான் பிடித்துக்கொள்கிறது.

மூளையைத் தூண்டுவது இப்போது வேறு விதத்தில் சிகிச்சையாகிறது. தலையில் ஹெல்மெட் மாதிரி ஒரு கருவி, அதனுள் வெளியிலிருந்தே மூளையைத் தூண்டும் காந்தச் சுருள். கத்தி வேண்டாம், மயக்க மருந்தும் வேண்டாம். புகைப்பழக்கத்தை விடுவதற்கு இதைப் பயன்படுத்த 2020-இல் அமெரிக்கா அனுமதித்தது. மற்ற போதைகளுக்கு ஆராய்ச்சி நடக்கிறது.

போதையில் சிக்கியவரைத் திட்டித் தீர்க்காதீர்கள். டாக்டரிடம் கூட்டிப் போங்கள்.