இலையைப் புரட்டிப் பார்த்தவர்



இயற்கையைப் பார்த்து அருங்காட்சியகக் கட்டடங்களை அமைப்பது பற்றிப் பேசுமாறு பணித்தீர்கள். பறவைச் சிறகு போலவும் பாலைவனப் படிகம் போலவும் எழுப்பப்பட்ட கட்டடங்கள் உலகில் உள்ளன. அவற்றின் தோற்றத்தை வருணிக்க நான் வரவில்லை. ஓர் இலை எவ்வாறு பாரம் தாங்குகிறது என்று ஆராய்ந்த தோட்டக்காரர் ஒருவரைப் பற்றிச் சொல்லவே வந்தேன்.

ஜோசப் பாக்ஸ்டன் 1803-இல் இங்கிலாந்தில் ஓர் உழவர் குடும்பத்தில் ஏழாவது மகனாகப் பிறந்தார். கட்டடக் கலையை எந்தக் கல்லூரியிலும் பயின்றவர் அல்லர். 1826-இல் சாட்ஸ்வொர்த் மாளிகையில் ஒரு பிரபுவுக்குத் தலைமைத் தோட்டக்காரரானார். தென் அமெரிக்க ஆற்றுப் பகுதியைச் சேர்ந்த மாபெரும் அல்லியை வளர்த்து, 1849-இல் பூக்கச் செய்தார். அதன் இலைமீது தம் சிறு மகளை நிற்க வைத்தார், இலை அமிழவில்லை. பார்த்தோர் வியந்தனர். பாக்ஸ்டனோ இலையின் அடிப்பக்கத்தை ஆராய்ந்தார். நடுவிலிருந்து விளிம்பு வரை கைம்மரங்கள் போல் தடித்த நரம்புகள் ஓடின. மெல்லிய நரம்புகள் அவற்றைக் குறுக்கே பிணைத்தன. சுமப்பது நரம்பு, மூடுவது மெல்லிய தோல். அந்த அல்லிக்கென 1850-இல் எழுப்பிய கண்ணாடி வீட்டில் இம்முறையை அவர் கையாண்டார்.

அதே ஆண்டில் லண்டன் பொருட்காட்சிக் கட்டடத்திற்கு வந்த 245 திட்டங்களும் தேறவில்லை. தோட்டக்காரரின் வரைபடம் ஏற்கப்பட்டது. இரும்பும் மரமும் நரம்பாக, கண்ணாடி தோலாக, 1,848 அடி நீளக் கட்டடம் 1851 மே முதல் நாள் திறக்கப்பட்டது. கூரை மழைநீர் உள்ளீடற்ற இரும்புத் தூண்கள் வழியே இறங்கியது. தொடக்கத்தில் சீமான்களுக்கே இயன்ற கட்டணம். மே 26 முதல் வாரத்தில் நான்கு நாள் ஒரு ஷில்லிங். தொழிலாளர் திரண்டால் கலகம் விளையும் என்று அஞ்சியோர் இருந்தனர். தொழிலாளர் வந்தனர், கண்டு களித்துச் சென்றனர், கலகம் ஏதும் நிகழவில்லை. மிஞ்சிய பணத்தில் வாங்கிய நிலத்திலேதான் தென் கென்சிங்டன் அருங்காட்சியகங்கள் எழுந்தன.

ஆயினும், வெயில் நாட்டில் கண்ணாடி மாளிகை எழுப்புவது அறிவுடைமை ஆகாது. ஒளி மிகுந்தால் துணியும் ஓவியமும் நிறம் இழக்கும். லண்டனிலேயே அக்கூரைமீது கித்தான் விரிக்க நேர்ந்தது! பாக்ஸ்டனிடம் நாம் கற்க வேண்டியது அந்த ஆராய்ச்சிப் பழக்கத்தையே.

2017-இல் அபுதாபியில் திறக்கப்பட்ட லூவ்ர் அருங்காட்சியகத்தை இவ்வகையில் சேர்க்கலாம். 180 மீட்டர் விட்டமுள்ள குவிமாடம். எட்டு அடுக்கு உலோகப் பின்னல். பேரீச்ச ஓலைக் கூரையில் வெயில் பொட்டுப் பொட்டாக இறங்குவதிலிருந்து ஷான் நூவெல் கொண்ட கருத்து அது. கீற்றுக் கூரையின் கீழ் வளர்ந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அத்தீவின் கட்டுமானப் பணிகளில் உழைத்தவருள் இந்தியா, பாகிஸ்தான், வங்காளதேசத் தொழிலாளர் ஏராளம். பயணத்திற்காக வாங்கிய கடனில் அவர்கள் சிக்கித் தவித்ததை மனித உரிமை அமைப்பினர் 2009-இலேயே அறிக்கையாக வெளியிட்டனர். குவிமாடத்தின் ஒளியழகைப் பாடுவோர் பலர் இதைச் சொல்வதில்லை.

படவரைவு பயிலும் நம் மாணவர்களுக்காக அந்த அல்லி இலையின் அடிப்பக்கப் படத்தைக் கொண்டுவந்துள்ளேன். கூட்டம் முடிந்ததும் மேடையருகே வந்து பாருங்கள்.