குடல்வால் வலிக்கு விளக்கெண்ணெய் வேண்டாம்



வயிற்றுவலி என்றதும் லயத்தில் நாங்கள் தேடுவது விளக்கெண்ணெய். குடல்வால் வலிக்கு அதுவே ஆபத்து.

பெருங்குடல் தொடங்கும் இடத்தில் சுண்டுவிரல் மாதிரி ஒரு வால் இருக்கிறது. நீளம் 3, 4 அங்குலம். அதன் வாய் அடைபட்டால் வீங்கிச் சீழ் பிடிக்கும். பேதி மருந்து கொடுத்தால் வெடிக்கலாம். வலி முதலில் தொப்புளைச் சுற்றி வரும். சாப்பாடு இறங்காது, வாந்தி வரும். சில மணி நேரத்தில் வலது அடிவயிற்றுக்கு இறங்கி, இருமினாலும் குத்தும். திடீரென்று வலி விட்டால் “சுகமாப் போச்சு” என்று மலைக்குப் போயிடாதீங்க, வெடித்திருக்கவும் கூடும்.

சோறு, தண்ணி கொடுக்காமல், விடியட்டும் என்று பார்க்காமல், கிடைக்கிற வாகனத்தில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க. அரசாங்க ஆஸ்பத்திரியில் ஒப்பரேஷனுக்குக் காசில்லை. வாலை அடியில் கட்டி வெட்டி எடுப்பார்கள். அது இல்லாமலே நல்லாச் சாப்பிடலாம். கொழுந்துக்கூடை மட்டும் சில கிழமைக்குச் சுமக்க வேண்டாம்.