குரல் மட்டும் போகும் நேர்காணல்

அச்சரப்பாக்கத்தில் வீட்டில் இருந்தபடியே சென்னை, பெங்களூரு நிறுவனங்களுக்கு வேலை செய்வது இன்று நடக்கிற காரியம்தான். 2011இலேயே தென்காசி அருகே மத்தளம்பாறையில் ஜோஹோ அலுவலகம் தொடங்கி, கிராமத்திலும் மென்பொருள் வேலை நடக்கும் என்று காட்டியது. 2020 நவம்பரில் மத்தியத் தொலைத்தொடர்புத் துறை விதிகளைத் தளர்த்த, பிபிஓ ஊழியர்கள் வீட்டிலிருந்து வேலை பார்ப்பதும் எளிதானது.

அந்த வேலைக்கு முதல் வாசல் பெரும்பாலும் ஒரு போன் நேர்காணல்.

சாதாரணத் தொலைபேசி 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரையான ஒலியைத்தான் கடத்தும். எஸ், எஃப் எழுத்துகளின் கூர்மையான ஓசை பெரிதும் அதற்கு மேலே இருப்பதால், இரண்டும் போனில் ஒன்றுபோலக் கேட்கும். மின்னஞ்சல் முகவரி தப்பாகப் பதிவாவது இப்படித்தான். 'எஸ் ஃபார் சேலம்' என்று நிறுத்திச் சொன்னால் குழப்பம் இல்லை. இருபுறமும் வோல்ட்இ (VoLTE) என்ற 4ஜி குரல் அழைப்பு வசதி இருந்தால் சுமார் 7,000 ஹெர்ட்ஸ் வரை குரல் போகும். நேர்காணலுக்கு முந்தின நாளே அதை ஆன் செய்து, நண்பர் ஒருவரிடம் பேசிப் பார்ப்பது நல்லது.

ரயில் பாதையோ ஜிஎஸ்டி சாலையோ பக்கத்தில் என்றால் உள்ளறைதான் சரி. செய்த வேலைகளைப் பெரிய எழுத்தில் ஒரு தாளில் எழுதிக் கண்ணெதிரே ஒட்டிக்கொள்ளலாம். நேரில் போகிறவருக்குக் கிடைக்காத சலுகை இது!

வேலை உறுதி, முன்பணம் கட்டுங்கள் என்று யாராவது கேட்டால் பேச்சை அங்கேயே நிறுத்திவிட வேண்டும். பணம் போய்விட்டால் உடனே அழைக்க வேண்டிய எண் 1930.