அலங்காரமும் எழுத்தும்

(நமது சங்கத்தின் நாக்பூர் கிளைக் கூட்டத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)

 

சொந்தமாக வலைப்பதிவு வைத்திருக்கும் நம் அங்கத்தினர்கள் இப்போது பலர். ஒருவர் ஸ்லோகங்களுக்கு அர்த்தம் எழுதுகிறார், ஒருவர் தன் கிராமத்துக் கோவிலைப் பற்றி எழுதுகிறார், ஒரு மாமி தளிகைக் குறிப்புகளைச் சேர்த்து வைக்கிறார். “அதன் தோற்றத்தை எப்படி அமைத்துக் கொள்வது என்று நீங்கள் பேச வேண்டும்” என்று செயலாளர் கேட்டுக் கொண்டார். நான் கம்ப்யூட்டர் நிபுணன் அல்ல. பௌதிகத்தில் பி.எஸ்ஸி. முடித்து, முப்பத்தாறு வருஷம் மத்திய அரசில் கோப்பு பார்த்தவன். ஆனால் இந்த விஷயத்தில் செய்யக்கூடிய தவறுகள் எல்லாவற்றையும் செய்து முடித்தவன். அந்தத் தகுதியில்தான் பேசுகிறேன்.

முதலில் தீம் என்றால் என்ன என்று பார்ப்போம். கோவிலில் மூலவர் ஒருவரே. வெள்ளிக்கிழமை ஒரு அலங்காரம், உத்ஸவத்தில் ஒரு அலங்காரம். அலங்காரம் மாறினாலும் பெருமாள் மாறுவதில்லை. அது போலவே, நீங்கள் எழுதும் கட்டுரைகள் டேட்டாபேஸ் என்னும் கிடங்கில் தனியாக இருக்கின்றன. எழுத்தின் அளவு, நிறம், பக்கத்தின் அமைப்பு ஆகியவற்றைத் தீர்மானிப்பது தீம். வேர்ட்பிரஸ் என்னும் இலவச மென்பொருளை 2003 மே மாதம் மேட் முல்லன்வெக், மைக் லிட்டில் என்ற இருவர் வெளியிட்டார்கள். 2005-ல் வந்த 1.5 பதிப்பில்தான் தோற்றத்தைத் தீம் என்று தனியாகப் பிரித்தார்கள். அதன் பிறகு எழுத்தைத் தொடாமல் தோற்றத்தை மட்டும் மாற்ற வழி பிறந்தது.

இனி என் கதை. என் தகப்பனார் 1962 முதல் 1978 வரை, பம்பாயில் இருந்த என் அண்ணாவுக்கு எழுதிய கடிதங்கள் 112 உண்டு. அவற்றை ஒரு ட்ரங்க் பெட்டியில் பத்திரமாக வைத்திருந்தவர் மன்னி. அண்ணா காலமான பிறகு அந்தப் பெட்டி என்னிடம் வந்தது. எங்கள் குடும்பம் இன்று பல ஊர்களில் சிதறிக் கிடக்கிறது. எல்லோரும் படிக்கட்டும் என்று 2021 ஜனவரியில், கோவிட் காலத்தில், வலைத்தளம் ஒன்று தொடங்கி, கடிதங்களைத் தட்டச்சு செய்து போட்டேன்.

இதில் இன்னொரு காரியமும் இருந்தது. “கிட்டாவுக்கு உத்யோகம் ஆகிவிட்டது” என்று அப்பா எழுதியிருப்பார். எங்கள் குடும்பத்தில் கிட்டா மூன்று பேர். “கொல்லத்து அத்தை வந்து போனாள்” என்று இருக்கும். அந்த அத்தை யார், யாருடைய தங்கை என்பதெல்லாம் தெரிந்தவர் மன்னி ஒருவரே. புனாவில் பிள்ளையோடு இருந்தார். எண்பது வயது. அவர் கையில் ஒரு டேப்லெட் கொடுத்து, “மன்னி, படித்துப் பார்த்து யார் யார் என்று சொல்லுங்கோ” என்று கேட்டுக் கொண்டேன்.

தளத்துக்குக் காசு கொடுத்து ஒரு தீம் வாங்கினேன். மேலே படங்கள் ஒன்றன்பின் ஒன்றாக நகரும். மூன்று பத்தியாகப் பக்கம் பிரிந்திருக்கும். மெல்லிய சாம்பல் நிறத்தில் சின்னஞ்சிறு எழுத்துக்கள். பார்த்தவர்கள் எல்லோரும் பாராட்டினார்கள். மன்னியும் தொலைபேசியில், “ரொம்ப நன்னா இருக்குடா” என்றார். ஆனால் கிட்டாவைப் பற்றி ஒரு வார்த்தை வரவில்லை. வயசாகிவிட்டது, ஞாபகம் இல்லை போலும் என்று நானே முடிவு கட்டிக் கொண்டேன்.

ஆகஸ்டில் புனா போனபோது டேப்லெட்டைக் கையில் கொடுத்து, “இந்தக் கடிதத்தைப் படியுங்கோ” என்றேன். சற்று நேரம் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: “பார்க்க நன்னாத்தான் இருக்கு. படிக்கத்தான் முடியலை. எழுத்தெல்லாம் பூச்சி பூச்சியா ஓடறது. நீ ஆசையாப் பண்ணியிருக்கே, எப்படிச் சொல்றதுன்னு பேசாம இருந்துட்டேன்.”

யாருக்காகத் தளம் அமைத்தேனோ, அவர் ஏழு மாதமாக ஒரு வரிகூடப் படிக்கவில்லை. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

அதன் பிறகுதான் விஷயத்தைக் கற்றுக் கொள்ள ஆரம்பித்தேன். நான் கற்றதை வரிசையாகச் சொல்கிறேன்.

ஒன்று, எழுத்தின் அளவு. கம்ப்யூட்டர்களில் சாதாரணமாக வரும் அளவு 16 பிக்சல். என் தீமில் இருந்தது 14. அதை 20 ஆக்கினேன். தமிழ் எழுத்துக்கு மேலே புள்ளியும் கொக்கியும் உண்டு, கீழே உகரச் சுழியும் உண்டு. ஆகவே வரிகளுக்கு நடுவே தாராளமாக இடம் விட வேண்டும். எழுத்து அளவைப் போல் 1.8 மடங்கு வைத்தால் கண்ணுக்குச் சுகமாக இருக்கிறது. தலைப்புகளில் எழுத்துக்களை நெருக்கும் ஏற்பாடு இருந்தால் எடுத்துவிடுங்கள், தமிழில் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும். சாய்வெழுத்தும் தமிழுக்கு ஒத்துவராது.

இரண்டு, நிறம். இதில் என் பழைய பௌதிகம் உதவியது. வெள்ளைத் திரையின் ஒளிர்வை 1 என்றும் கறுப்பை 0 என்றும் கொண்டு, இரண்டோடும் 0.05 கூட்டி, பெரியதைச் சிறியதால் வகுத்தால் 21 வரும். வெள்ளையில் கறுப்பு எழுத்துக்கு வேறுபாடு 21-க்கு 1 என்பார்கள். சாதாரண அளவு எழுத்துக்கு இது 4.5-க்குக் குறையக்கூடாது என்று டபிள்யூ-த்ரீ-சி அமைப்பு 2008-ல் வெளியிட்ட நெறிமுறை கூறுகிறது. என் தீமின் சாம்பல் நிறம், ஆறு ஒன்பதுகளால் குறிக்கப்படும் 999999. கணக்குப் போட்டால் 2.8 சொச்சம்தான் வருகிறது. அதாவது மன்னியின் கண்ணில் மட்டும் குறை இல்லை, என் தேர்விலேயே குறை.

மூன்று, எழுத்துரு. ஆங்கிலத்துக்காகச் செய்த தீமில் தமிழ் எழுத்துரு இராது. படிப்பவரின் கருவியில் எது இருக்கிறதோ அது வரும். ஆகவே நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற ஒரு யூனிகோட் எழுத்துருவை நாமே சேர்த்துவிடுவது நல்லது. இலவசம்தான்.

நான்கு, நகரும் படங்கள், மூன்று பத்தி எல்லாவற்றையும் நீக்கிவிட்டு ஒரே பத்தியாக வைத்தேன். பக்கமும் சீக்கிரம் வந்தது, கைபேசியிலும் ஒழுங்காகத் தெரிந்தது.

ஐந்து, முகவரி. தமிழில் தலைப்பிட்டால் இணைப்பின் முகவரியும் தமிழிலேயே அமையும். அதை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் பல சமயம் ஒவ்வொரு தமிழ்க் குறியும் ஒன்பது குறிகளாக விரிந்து, அரைப் பக்கத்துக்கு ஏதோ மந்திரம் போல் நிற்கும். வெளியிடும் முன் ‘கடிதம்-25’ என்பது போல் ஆங்கில எழுத்தில் சிறு முகவரியாக மாற்றிக் கொள்ளுங்கள். பிறகு மாற்றினால், பழைய முகவரியை வைத்திருப்பவர்கள் தவிக்க நேரிடலாம்.

இவ்வளவும் செய்து முடித்தேன். மன்னி படிக்க ஆரம்பித்தார். மூன்று வாரம் கழித்து ஒரு நாள் போன். “மறுபடியும் பூச்சி வந்துடுத்துடா!”

என்ன ஆயிற்று என்றால், நான் திருத்தங்களைத் தீமின் அசல் கோப்பிலேயே எழுதியிருந்தேன். தீம் செய்தவர்கள் புதுப் பதிப்பு விட்டார்கள். நானும் அப்டேட் பொத்தானை அழுத்தினேன். புதுக் கோப்பு வந்து பழையதை மூடிவிட்டது. என் திருத்தம் எல்லாம் போயிற்று.

அலுவலகத்தில் இருந்தவர்களுக்கு இது புரியும். விதிப் புத்தகத்துக்குக் கரெக்ஷன் ஸ்லிப் வரும். நான் புத்தகத்தின் ஓரத்தில் பென்சிலால் திருத்தி வைத்தேன். புதுப் பதிப்பு வந்ததும் பழைய புத்தகத்தோடு என் பென்சில் எழுத்தும் போய்விட்டது. ஸ்லிப்புகளைத் தனிக் கோப்பில் வைத்திருந்தால் எந்தப் பதிப்புக்கும் அவை பொருந்தும். வேர்ட்பிரஸில் இந்தத் தனிக் கோப்புக்குச் சைல்ட் தீம் என்று பெயர். அதன் தலைப்பில் தாய்த் தீமின் பெயரைக் குறித்து, நம் மாற்றங்களை மட்டும் எழுத வேண்டும். தாய் புதுப்பிக்கப்பட்டாலும் சேய் அப்படியே இருக்கும். நிறம், அளவு போன்ற சின்ன மாற்றங்கள் மட்டும் என்றால், ‘அடிஷனல் சி.எஸ்.எஸ்.’ என்ற பெட்டியில் எழுதினாலே போதும். அது கிடங்கில் சேமிக்கப்படுகிறது, தீமை அப்டேட் செய்தாலும் அழியாது.

பதற்றத்தில் இன்னொரு தவறும் செய்தேன். சேய்த் தீமின் கோப்பு ஒன்றில் ஓர் அரைப்புள்ளியை விட்டுவிட்டேன். தளமே நின்றுவிட்டது. மன்னி சொன்னார்: “இப்போ பூச்சி இல்லை. இங்கிலீஷ்ல ஏதோ ஒரு வரி வரது. மாமனார் கடுதாசியைக் காணோம்.” நல்ல வேளையாக முதல் நாள் எடுத்த நகல் இருந்தது. அதைத் திரும்பப் போட்டுச் சரி செய்தேன். ஆகவே எதைத் தொடும் முன்பும் முழு நகல் எடுத்து வையுங்கள், கோப்புகளையும் கிடங்கையும் சேர்த்து. அதை வேறு இடத்திலும் வையுங்கள்.

இன்று புதிதாக ஆரம்பிப்பவர்களுக்கு இவ்வளவு ச்ரமம் இல்லை. 2022 ஜனவரியில் வந்த 5.9 பதிப்பு முதல், பிளாக் தீம் என்ற வகைக்குத் தளம் முழுவதையும் திரையிலேயே பார்த்து மாற்றும் வசதி வந்துவிட்டது. அப்படிச் செய்யும் மாற்றங்களும் கிடங்கில் சேர்வதால் அப்டேட்டில் அழிவதில்லை. 2024 நவம்பரில் 6.7 பதிப்போடு வந்த ட்வென்டி ட்வென்டி-ஃபைவ் என்ற இலவசத் தீமே நம் போன்றவர்களுக்குத் தாராளம். காசு கொடுத்து வாங்குமுன், உங்கள் தமிழ்க் கட்டுரை ஒன்றை அதில் போட்டுக் காட்டச் சொல்லிப் பாருங்கள். ஆங்கிலத்தில் அழகாக இருப்பது தமிழிலும் அழகாக இருக்கும் என்று எண்ணவேண்டாம்.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று. வீட்டில் அதிக வயதானவரிடம் கொடுத்து, வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். “எப்படி இருக்கு?” என்று கேட்காதீர்கள். நம் பெரியவர்கள் மனசு நோகாமல் “நன்னா இருக்கு” என்றுதான் சொல்வார்கள். படிக்கச் சொன்னால் உண்மை தெரிந்துவிடும்.

2021 செப்டம்பரிலிருந்து வாரம் ஒரு கடிதம் என்று மன்னி படித்து, மத்தியானம் காப்பி ஆனதும் போன் செய்வார். எந்தக் கிட்டா, எந்த அத்தை, எந்தக் கல்யாணத்தில் யார் கோபித்துக் கொண்டு போனார் என்று சொல்வார். நான் கடிதத்தின் அடியில் எழுதிச் சேர்ப்பேன். இப்படி 74 கடிதங்கள் முடிந்தன. 2023 மாசியில் மன்னி ஆசார்யன் திருவடி அடைந்தார். மீதி 38 கடிதங்களில் வரும் பெயர்களைச் சொல்ல இன்று யாரும் இல்லை.

கணக்கு எனக்குப் பழக்கமான விஷயம். வீணான ஏழு மாதத்துக்கு, வாரம் ஒன்று என்றாலும் முப்பது கடிதம். மீதி எட்டுதான் இருந்திருக்கும்.

அந்தப் பக்கங்களின் அடியில் இப்போதும் இடம் காலியாக விட்டு வைத்திருக்கிறேன். எழுத்து பெரிதாக, கறுப்பாக, தெளிவாகத்தான் இருக்கிறது. உங்களில் யாருக்காவது கொல்லத்து அத்தையைத் தெரிந்திருந்தால் கூட்டம் முடிந்ததும் என்னிடம் வந்து சொல்லுங்கள்.