மாலையில் அறுந்த டெலிபோன்



தீபாவளிக்குத் துணி எடுக்கத் தோட்டத்திலிருந்து பஸ் ஏறிக் கோலாலம்பூருக்கு வந்தவர்களுக்கு மஸ்ஜித் இந்தியாவைப் பற்றி நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. அந்தத் தெருவுக்குப் பெயர் தந்த பள்ளிவாசல் 1863-ஆம் ஆண்டு முதலே அங்கே இருந்து வருகிறது. அதைச் சுற்றிச் சேலைக் கடை, நகைக் கடை, பூக்கடை, சாப்பாட்டுக் கடை. நாம் பார்ப்பது கீழ்த்தளத்தைத்தான். மாடியிலே ஆபீஸ் இருக்கும். கணக்கு எழுதுவது, ஈப்போவுக்கும் ஜொகூருக்கும் சரக்கு அனுப்புவது, டெலிபோனில் ஆர்டர் எடுப்பது எல்லாம் அங்கேதான். நம் தோட்டங்களிலிருந்து படித்துவிட்டு வந்த பெண்பிள்ளைகள் பலர் இத்தகைய மாடிகளில் வேலை பார்க்கிறார்கள்.

அப்படி ஒரு கடைக்கு என்னை அழைத்தார்கள். டெலிபோன், கம்ப்யூட்டர் வயர் வேலை என் தொழில். ஆர்டர் எடுக்கும் பெண் வாடிக்கையாளர் பேசிக்கொண்டிருக்கும்போதே போனை வைத்துவிடுகிறாள் என்பது முதலாளியின் புகார். அதுவும் சாயங்காலத்தில்தான். "பாங்கு சொன்னால் போதும் தம்பி, வீட்டு ஞாபகம் வந்துவிடுகிறது" என்றார். எச்சரிக்கைக் கடிதம் தட்டச்சாகி மேசை மேலே இருந்தது. இன்னொரு முறை நடந்தால் வேலை போய்விடும்.

இங்கே கொஞ்சம் விளக்க வேண்டும். பழைய டெலிபோனுக்குத் தனியாகக் கரண்ட் வேண்டியதில்லை. எக்ஸ்சேஞ்சில் இருக்கும் 48 வோல்ட் பேட்டரிகளிலிருந்து அதே செம்புக் கம்பி வழியாக வந்துவிடும். வீட்டில் விளக்கு அணைந்தாலும் போன் பேசியது அதனால்தான். இன்றைய ஆபீஸ் டெலிபோன் அப்படியல்ல. அது ஒரு சிறிய கம்ப்யூட்டர். கம்ப்யூட்டர் வயரிலேதான் அதற்குப் பேச்சும் வருகிறது, கரண்டும் வருகிறது. இந்த வயர்கள் எல்லாம் வந்து சேரும் பெட்டிக்கு ஸ்விட்ச் என்று பெயர். விளக்குப் போடும் சுவிட்சை நினைத்துவிடாதீர்கள். காலையில் பெரட்டுக் களத்தில் யாருக்கு எந்த நிரை என்று பிரித்துவிடுகிறார்கள் அல்லவா? அந்த வேலையைத்தான் இந்தப் பெட்டி செய்கிறது. எந்தச் செய்தி எந்த வயரில் போக வேண்டும் என்று பிரித்துவிடும். எப்படிப் பிரிப்பது என்று அதன் வயிற்றுக்குள் எழுதி வைத்திருக்கும் வேலைத்திட்டமே பர்ம்வேர். தயாரித்த கம்பெனி அதில் பிழை கண்டால் திருத்தி, புதிய பர்ம்வேர் வெளியிடும். நாம் அதை வாங்கி ஏற்றிக்கொள்ளலாம்.

பேச்சுக்கு ஒரு தனிக் குணம் உண்டு. மரத்திலிருந்து எடுத்த பால் உறைவதற்குள் கொட்டகைக்கு வந்து சேர வேண்டும். கட்டிப்பாலோ ஒரு நாள் தாமதித்து வந்தாலும் கெட்டுப் போகாது. கணக்கும் கடிதமும் கட்டிப்பாலைப் போல, பேச்சு புதுப்பால். பெரும்பாலான போன்கள் ஒரு வினாடிப் பேச்சை 50 துண்டாக்கி அனுப்புகின்றன. ஒரு துண்டு போய்ச் சேர ஒரு வினாடியில் ஏழில் ஒரு பங்குக்கு மேலாகிவிட்டால் இருவரும் ஒருவர் பேச்சை ஒருவர் வெட்டத் தொடங்குவார்கள். ஆகையால் ஸ்விட்ச் பேச்சுக்கு முதலில் வழிவிட வேண்டும்.

அந்தக் கடையின் பெட்டிக்குப் புதிய பர்ம்வேர் வந்திருந்தது. பேச்சுக்கு வழிவிடுவதில் இருந்த ஒரு கோளாறு திருத்தப்பட்டதாக அதன் குறிப்பில் கண்டேன். கண்டதும் எனக்குத் தெம்பு வந்துவிட்டது. இதுதான் நோய், இதுதான் மருந்து என்று முடிவு கட்டினேன். மத்தியானம் 3 மணிக்கு, கடையில் கூட்டம் நிற்கும்போதே, ஏற்றத் தொடங்கினேன்.

செய்திருக்கக் கூடாது. பர்ம்வேர் ஏறும்போது பெட்டி ஒருமுறை அணைந்து எழும். அதுவரை எல்லாப் போனும் ஊமை. பாதியில் கரண்ட் போனால் பெட்டியே எழாமல் போகவும் கூடும். அதனால் கடை சாத்திய பிறகு, பேட்டரிக் காப்பு வைத்துச் செய்வதே முறை. அதைவிட முக்கியம், பழைய அமைப்புகளை முதலில் ஒரு பிரதி எடுத்து வைப்பது. நான் எடுக்கவில்லை. பெட்டி எழுந்தது, ஆனால் நேற்றுப் பிறந்த குழந்தையாக எழுந்தது. எது பேச்சு, எது கணக்கு என்று அதற்குச் சொல்லி வைத்திருந்ததெல்லாம் அழிந்து போயிருந்தது. ஒவ்வொன்றாக மறுபடி எழுதி முடிக்க ஐந்தரை மணியாயிற்று. அந்த இரண்டரை மணி நேரமும் போனில் ஓர் ஆர்டர்கூட வரவில்லை. முதலாளி ஒன்றும் பேசவில்லை. பேசியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

ஏழேகால் மணி சுமாருக்கு மஃரிப் பாங்கு கேட்டது. சிறிது நேரத்தில் அந்தப் பெண்ணின் பேச்சு பாதியில் நின்றது. பழைய நோய் அப்படியே!

அப்போதுதான் நான் முதலிலேயே கேட்டிருக்க வேண்டியதைக் கேட்டேன். "தங்கச்சி, என்ன நடக்கிறது? இருந்தபடியே சொல்லு."

"அண்ணே, லைன் அறுவதில்லை. போனே செத்துப் பிழைக்கிறது. கண்ணாடி கறுத்துப்போய் மறுபடி பெயர் காட்டும். மூன்று வாரமாகச் சொல்கிறேன், யாரும் கேட்கவில்லை."

பேச்சுத் துண்டு தாமதித்தால் குரல் உடையும், போன் அணையாது. போன் அணைகிறது என்றால் அதற்குக் கரண்ட் போகவில்லை. சரி, சாயங்காலத்தில் மட்டும் ஏன்? மூன்று வாரத்துக்கு முன் அதே பெட்டியில் 3 காவல் கேமராக்களை மாட்டியிருந்தார்கள். இருட்டிவிட்டால் கேமரா நம் கண்ணுக்குத் தெரியாத விளக்கு ஒன்றைப் போட்டுக்கொண்டு பார்க்கும். பகலில் ஒரு கேமராவுக்கு 5 வாட், இரவில் 12 வாட். ஐந்து போனுக்கு ஆளுக்கு 5 வாட் வீதம் 25. பகலில் மொத்தம் 40 வாட். இருட்டியதும் 61 வாட். பெட்டி தரக்கூடியதோ 60 வாட்தான்! மிஞ்சியதும் அது கடைசித் துளைக்குக் கரண்டை நிறுத்திவிடுகிறது. போன் அணைகிறது, சுமை குறைகிறது, போன் மறுபடி எழுகிறது, சுமை ஏறுகிறது, மறுபடி அணைகிறது. கேமரா மாட்டியவர் வயர் எட்டவில்லை என்று அந்தப் பெண்ணின் போனை எட்டாம் துளைக்கு மாற்றியிருந்தார். பாங்கும் இருட்டும் ஒரே வேளையில் வருவதால் பழி பாங்கைக் கேட்டு எழுந்து போகிறவள் என்று அவள் மேல் விழுந்தது.

எந்தத் துளைக்கு எத்தனை வாட் போகிறது என்ற பட்டியல் பழைய பர்ம்வேரிலேயே இருந்தது. நான்தான் பார்க்கவில்லை. புதிய பர்ம்வேர் வீண் என்று சொல்ல வரவில்லை. திருடர் நுழையும் ஓட்டைகளை அடைப்பதற்காகவே அதை ஏற்ற வேண்டிய சமயங்கள் உண்டு. ஆனால் நோய் இன்னதென்று தெரியாமல் ஏற்றினால், பழைய கோளாறோடு புதியதும் சேர்ந்து எது எதனால் என்று பிரிக்க முடியாமல் போய்விடும்.

டெலிபோன் பெண்கள் மேல் பழி விழுவது இன்று நேற்று வந்ததல்ல. அமெரிக்காவில் ஸ்ட்ரோஜர் என்று ஒருவர், சவ அடக்கத் தொழில் செய்தவர். தமக்கு வரும் அழைப்புகளை இணைப்புப் பெண் போட்டிக்காரருக்குத் திருப்பிவிடுகிறாள் என்று சந்தேகப்பட்டார் என்பார்கள். அந்தக் கோபத்தில் அவர் கண்டுபிடித்ததுதான் ஆள் இல்லாமலே இணைக்கும் தானியங்கி எக்ஸ்சேஞ்ச். 1891-இல் அதற்கு உரிமை பெற்றார். மறு ஆண்டே லபோர்ட் என்ற ஊரில் அது வேலை செய்யத் தொடங்கியது. அந்தப் பெண் உண்மையிலேயே திருப்பிவிட்டாளா என்று அவளிடம் யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

அன்றிரவே அந்தப் போனுக்குத் தனிக் கரண்ட் அடாப்டர் ஒன்று மாட்டினேன். அடுத்த வாரம் 120 வாட் தரும் பெட்டி வந்தது. அதற்கு மாறும்போது கடை சாத்தும்வரை காத்திருந்து, அமைப்புகளை இரண்டு இடத்தில் பிரதி எடுத்தேன். முதலாளியிடம் வாட் கணக்கைத் தாளில் கூட்டிக் காட்டினேன். இரண்டு முறை தாமே கூட்டிப் பார்த்தார். பிறகு அந்தக் கடிதத்தை எடுத்து நான்காகக் கிழித்துக் குப்பைக் கூடையில் போட்டார். அந்தப் பெண்ணிடம் ஒன்றும் சொல்லவில்லை.

எட்டு மணிக்கு ஈப்போவிலிருந்து ஒரு வியாபாரி கூப்பிட்டார். பன்னிரண்டு நிமிடம் பேசினார். மாடிப்படியில் நின்று முடியும்வரை கேட்டுக்கொண்டிருந்தேன்.