விருப்பாட்சியில் கழிந்த எட்டு ஆண்டுகள்

(திண்டுக்கல்லில் நடந்த குறுவள மையக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



வேலுநாச்சியார் பாடத்தை நடத்தும்போது பிள்ளைகள் மனத்தில் இரண்டு காட்சிகள்தான் தங்குகின்றன. ஒன்று, 1772-இல் காளையார்கோவிலில் கணவர் முத்துவடுகநாதர் ஆங்கிலேயப் படையால் கொல்லப்படுவது. மற்றொன்று, 1780-இல் சிவகங்கையை மீட்பது. ஆண்டுவிழா நாடகத்திலும் அட்டை வாளோடு இந்த இரண்டு காட்சிகள்தான். இடையில் உள்ள எட்டு ஆண்டுகளை "பின்பு" என்ற ஒரே சொல்லில் தாண்டிவிடுகிறோம். அந்த எட்டு ஆண்டுகளும் நம் மாவட்டத்தோடு சேர்ந்தவை.

ஒட்டன்சத்திரம் தாண்டி, பழநி போகும் வழியில் இருக்கிறது விருப்பாட்சி. நம் பிள்ளைகளுக்கு அந்தப் பெயர் மலைவாழைப்பழத்தால்தான் தெரியும். மகள் வெள்ளச்சியோடு வந்த அரசிக்கு அங்கே அடைக்கலம் கொடுத்தவர் பாளையக்காரர் கோபால நாயக்கர். ஆங்கிலேயரையும் ஆற்காட்டு நவாபையும் பகைத்துக்கொண்டு செய்த உதவி அது. பின்னாளில் திண்டுக்கல் பகுதிப் பாளையக்காரர்களைத் திரட்டி ஆங்கிலேயரை எதிர்த்ததற்காக 1801-இல் தூக்கிலிடப்பட்டவரும் அவரே.

அடைக்கலம் கிடைத்ததும் முதலில் நடந்த வேலை என்ன தெரியுமா? கடிதம் எழுதியது. 5000 குதிரைவீரர்களும் 5000 காலாட்படையினரும் வேண்டும் என்று அரசியின் சார்பில் தளவாய் தாண்டவராயர் ஹைதர் அலிக்கு எழுதினார். ஹைதரிடம் அரசி உருது மொழியிலேயே தன் நிலையை எடுத்துச் சொன்னார். திண்டுக்கல் கோட்டைத் தளபதி சையதுக்கு, அவருக்கு வேண்டிய படையுதவி செய்யும்படி ஆணை வந்தது. நம் வகுப்பறை ஜன்னலில் தெரிகிற அதே மலைக்கோட்டைதான்.

இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், குயிலி கதையை முடித்ததும் ஏழாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி, "தீ வச்சுக்கிட்டாத்தான் வீரமா டீச்சர்?" என்று கேட்டாள். உடலில் தீ வைத்துக்கொண்டு ஆயுதக் கிடங்கில் குதித்தவர் குயிலி. பெரும்பாலும் வாய்மொழியாக வந்த கதை; பாடநூலிலும் இருக்கிறது. மறைக்க வேண்டியதில்லை. ஆனால் பதின்மூன்று வயதுப் பெண்ணுக்கு வீரம் என்றால் அந்த ஒரு காட்சி மட்டும் போதாது. அவளிடம் நான் விருப்பாட்சியைப் பற்றிச் சொன்னேன். நாடு போய், கணவரும் போன பிறகு, கைக்குழந்தையைப் போலக் காத்த மகளோடு எட்டு ஆண்டு உயிரோடு இருந்து, ஆள் சேர்த்து, பேசி, காத்திருந்து திரும்பியவர் இந்த அரசி என்றேன். "அந்த எட்டு வருஷம் வெள்ளச்சி என்ன படிச்சா?" என்பது அடுத்த கேள்வி. வகுப்பே அதைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டது.

ஜப்பானில் தொமோயே கோசென் என்றொரு பெண் வீரர் புகழ்பெற்றவர். 1184-இல் அவாசுப் போர்க்களத்தில் நின்றவராக 'ஹெய்கே' என்ற போர்க்காவியம் சொல்கிறது. பெரும்பாலும் அந்தக் காவியத்தின் வழியாகத்தான் அவரை உலகம் அறியும். போருக்குப் பின் அவர் வாழ்க்கை பற்றி ஆளுக்கொரு கதை. நம் அரசிக்கோ ஆண்டு இருக்கிறது, கடிதம் இருக்கிறது, மீட்ட நாட்டை ஆண்ட வரலாறு இருக்கிறது. 1796-இல்தான் மறைந்தார். இவ்வளவு இருந்தும் நாம் அட்டை வாளோடு நிறுத்திக்கொள்கிறோம்.

செலவில்லாத ஒரு வேலை சொல்கிறேன். தமிழ்நாட்டு வரைபடத்தில் காளையார்கோவில், விருப்பாட்சி, திண்டுக்கல், சிவகங்கை நான்கையும் பிள்ளைகளே குறிக்கட்டும். அளவுகோலை வைத்துத் தூரம் கணக்கிடட்டும்; கணக்குப் பாடமும் ஆயிற்று. பிறகு தாண்டவராயர் இடத்திலிருந்து ஹைதருக்கு ஆளுக்கொரு கடிதம். தமிழாசிரியர்கள் கடிதப் பயிற்சிக்கு இதையே வைத்துக்கொள்ளலாம். என் வகுப்பில் ஒரு பையன், படையோடு குதிரைக்குக் கொள்ளும் சேர்த்து அனுப்பச் சொல்லி எழுதியிருந்தான்.